கையே சாவி

ஜனவரி 12

அன்புள்ள தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதுவது. நானும் உன் அண்ணியும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பதாக வைத்துக்கொண்டுதான் மேலே எழுதுகிறேன். நலம் விசாரித்தால் உடனே பதில் போடுகிற ஆளா நீ?

எனக்கு இந்த வாரமே சரியில்லை. ஓய்வுபெற்ற ஒரு நில அளவையாளரிடம் பழைய ஆட்டோமேடிக் வாட்ச் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு ஆறு மாதமாக அலைந்தேன். ஞாயிறு தவறாமல் போய் அவருடைய மூட்டுவலிக் கதையெல்லாம் கேட்டேன். கடைசியில் மனமிரங்கிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து பின்மூடியைத் திறந்தால் உள்ளே எடைத் தகட்டையே காணோம். கை ஆடும்போது சுழன்று, வாட்சுக்குத் தானாகவே சாவி ஏற்றுகிற தகடு அது. மாப்பிள்ளையிடம் சொல், என்ஜின் இல்லாத பஸ்ஸை வாங்கிய கதை என்று. உன் அண்ணி எட்டிப் பார்த்தாள். டிராயரைத் திறந்து, "இதையும் இங்கேயே படுக்க வைங்க"ன்னு சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

ஊரே பாட்டரி வாட்சுக்கு மாறிவிட்டது. எல்லாரும் கழற்றிப் போட்டதை நான் பொறுக்கிக்கொண்டிருக்கிறேன். மொத்தம் இருபத்திரண்டு. கட்டாமல் வைத்தால் ஒன்றரை நாளில் நின்றுவிடும் என்பதால் கைக்கு இரண்டாக, தினம் நான்கைக் கட்டிக்கொண்டுதான் வேலைக்குப் போகிறேன். லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களைத் தூக்கி வெளியே விடும்போது, அவர்கள் நன்றி சொல்வதற்கு முன்னால் என் கைகளைத்தான் பார்க்கிறார்கள். லிஃப்ட் கம்பெனியில் என் பெயர் இப்போது மணிக்கூண்டு.

விஷயத்துக்கு வருகிறேன். உன் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு நான் போட்ட நீலமுக வாட்ச். அப்போது எனக்கு இந்தப் பைத்தியம் பிடிக்கவில்லை. கடைக்காரர் எடுத்துக் காட்டினார், வாங்கினேன். பதினொரு வருஷமாகத் தேடியும் அதற்குப் பக்கத்தில் நிற்கிற மாதிரி ஒன்று அகப்படவில்லை. மேடையில் அவர் கையில் கட்டிவிட்டு, "இதுக்குச் சாவியே கிடையாது மாப்பிள்ளை, உங்க கையே சாவி"ன்னு சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா? அன்று முழுக்க வந்தவர்களிடமெல்லாம் அவர் கையை ஆட்டி ஆட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்.

ஆகஸ்டில் எங்கள் பழைய வாட்ச் சேகரிப்பவர்கள் சங்கத்தில் கண்காட்சி. நீலமுகத்தைக் கொடுத்தால் அவருக்குப் புத்தம்புது பாட்டரி வாட்ச் வாங்கித் தருகிறேன். ஏழாவது தடவையாகக் கேட்கிறேன். அவர் வழக்கம்போல் சிரிப்பார் என்று தெரியும். நீ கொஞ்சம் எடுத்துச் சொல்.

அவருக்கு என் அன்பு. வாட்சுக்கும்தான்.

அண்ணன்


பிப்ரவரி 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் நலம். அண்ணிக்கு முழங்கால் வலி குறைந்ததா? பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் செய்முறைத் தேர்வு நேரம். ஆய்வுக்கூடத்தில் குடுவை கழுவியே பொழுது போய்விடுகிறது.

வாட்சைத் தரமாட்டாராம். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

எனக்கு ஒரு சந்தேகம். அந்த வாட்ச் அடிக்கடி நின்றுவிடுகிறது. கையில் கட்டியிருக்கும்போதே நிற்கிறது. கையை எத்தனை தடவை ஆட்டினால் அது ஒரு மணி நேரம் ஓடும்? தோளிலிருந்து ஆட்டவேண்டுமா, மணிக்கட்டு மட்டும் அசைந்தால் போதுமா? விரல் மட்டும் அசைந்தால் கொஞ்சமாவது ஏறுமா? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

அவர் கொஞ்ச நாளாக லீவில் இருக்கிறார். டிப்போவில் எடுக்காத லீவு நிறைய இருந்தது.

உடம்பைப் பார்த்துக்கொள். லிஃப்டுக்குள் தலையை நீட்டும்போது கவனம்.

தங்கை


பிப்ரவரி 27

அன்புள்ள தங்கச்சிக்கு,

அண்ணி முழங்காலுக்குப் பட்டை போட்டிருக்கிறாள், பரவாயில்லை. உங்கள் நலம் பற்றி நீ எழுதிய ஒரு வரி கிடைத்தது. அதற்கு மேல் எழுதினால் மை தீர்ந்துவிடுமா?

நீலமுகம் நிற்கிறது என்று படித்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பதினொரு வருஷமாக ஒரு நாள்கூடத் திறந்து எண்ணெய் விடவில்லை அல்லவா? உள்ளே எல்லாம் பிசினாகியிருக்கும். எடைத் தகட்டின் அச்சு தேய்ந்திருக்கும். உடனே பஞ்சில் சுற்றிப் பார்சலில் அனுப்பு. இங்கே வாட்ச் ரிப்பேர் பார்க்கிற எங்கள் லென்ஸ்காரர் இருக்கிறார். எழுபது வயதிலும் கண்ணில் லென்ஸை மாட்டினால் சாப்பாட்டுக்குத்தான் கழற்றுவார். அவர் கைபட்டால் போதும். சரிபார்த்துத் திருப்பி அனுப்புகிறேன். இது சத்தியம், நம்பு.

எத்தனை தடவை ஆட்டவேண்டும், விரல் அசைந்தால் ஏறுமா என்றெல்லாம் கேட்டிருக்கிறாய். ஆய்வுக்கூடத்தில் இருந்து இருந்து உனக்கு எல்லாமே சோதனையாகிவிட்டது. அப்படி எண்ணிச் சொல்ல முடியாது. வேலை செய்கிற கை நாள் முழுக்க ஆடினால் தானாக நிறையும், அவ்வளவுதான். விரலை மட்டும் அசைத்தால் ஒன்றும் ஏறாது. அதிலும் டிரைவர் கையில் ஆட்டோமேடிக் நின்றதாக நான் கேள்விப்பட்டதே இல்லை. கியர் போடுகிற இடது கையில்தானே கட்டுகிறார்? மலைப்பாதையில் ஒரு நடை போய்வந்தால் மூன்று வாட்சுக்குச் சாவி ஏறும்.

ஆகவே ஒன்று, வாட்சில் கோளாறு. இல்லையென்றால் அவர் அதைக் கழற்றி எங்கேயாவது வைத்துவிடுகிறார். கேட்டு எழுது.

அண்ணன்


மார்ச் 15

அன்புள்ள அண்ணாவுக்கு,

இருவரும் நலம்.

அவர் வாட்சைக் கழற்றுவதில்லை. காலையில் உடம்பு துடைக்கும் நேரம் மட்டும் கழற்றுகிறார். அதனால் அனுப்ப முடியாது. இந்த வாரம் அது நின்ற நேரத்தைக் குறித்து வைத்தேன், உனக்கு உதவும் என்று.

திங்கள் காலை பதினொன்று நாற்பது. நான் கையில் எடுத்து ஆட்டிக் கட்டிவிட்டேன். செவ்வாய் காலை ஆறு ஐந்து. புதன் அன்று நான் ஆட்டவில்லை, ஓடவே இல்லை. வியாழனும் ஓடவில்லை. வெள்ளி மாலை அவரே காதில் வைத்துக் கேட்டார். ரொம்ப நேரம் வைத்திருந்தார்.

கேட்டதற்கு நேராகப் பதில் சொல் அண்ணா. கை ஆடாமல் அந்த வாட்சை ஓட வைக்க வேறு வழி உண்டா, இல்லையா?

அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

தங்கை


மார்ச் 24

அன்புள்ள தங்கச்சிக்கு,

இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் சரியில்லை. அதற்குக் காரணம் நீ.

தங்கம் மாதிரி ஒரு வாட்ச் கண்ணெதிரே வீணாகிறது. அனுப்பு என்றால் முடியாது என்கிறாய். ஏன் முடியாது என்று கேட்டால் நின்ற நேரங்களைப் பட்டியல் போடுகிறாய். வாட்சை அண்ணன் அமுக்கிக்கொள்வான் என்று பயப்படுகிறாய், அதுதானே? இருபத்திரண்டு வைத்திருக்கிறவன் இருபத்துமூன்றாவதுக்காகத் தங்கையை ஏமாற்றுவான் என்று நினைத்துவிட்டாய். உன் கடிதத்தை அண்ணியும் படித்தாள். "உங்க தங்கச்சி எதையோ சொல்ல வந்து சொல்லாம விட்டிருக்கா"ன்னாள். எனக்கும் தெரியும், நீ சொல்லாமல் விட்டது என் மேல் நம்பிக்கை இல்லை என்பதைத்தான்.

வேறு வழி உண்டா என்கிறாய். உண்டு. கல்யாண மேடையில் சாவியே கிடையாது என்று நான் சொன்னது ஒரு பந்தாவுக்காக. அந்த மாடலில் பக்கத்துத் திருகை மேல்நோக்கித் திருப்பினால் சாவி ஏறும். இருபது சுற்று கொடுத்தால் ஒரு நாள் ஓடும். சாவி ஏற்றவே முடியாத அசல் ஆட்டோமேடிக் என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. என்னிடம் இருப்பதிலேயே மூத்தது. அதன் எடைத் தகடு முழுதாகச் சுழலாது. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் முட்டும், கட்டியவர் கையில் டொக் டொக்கென்று தெரியும். அதனால் அதற்கு முட்டி என்று பெயர். அதைத் துடைக்கக்கூட அண்ணியை விடுவதில்லை.

ஆனால் நீலமுகத்துக்கு நீ சாவி கொடுத்துத் தொலைக்காதே. திருகுக்குப் பின்னால் இருக்கிற சின்னப் பல்சக்கரம் அந்த மாடலில் சீக்கிரம் தேயும். போனால் மாற்று கிடையாது. என் மேல் ஆணை, தொடாதே. அனுப்பு.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. லீவு இன்னுமா முடியவில்லை?

அண்ணன்


ஏப்ரல் 18

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் நலமாக இருக்கிறோம். இந்தத் தடவை இதை மனசார எழுதுகிறேன்.

வாட்ச் ஓடுகிறது. இரண்டு வாரத்துக்கு மேலாக ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. அவர் காலையில் எழுந்ததும் அதைத்தான் பார்க்கிறார், பார்த்ததும் முகம் தெளிந்துவிடுகிறது. வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் காட்டுகிறார். நேற்று வாசல் வரை நடந்தார். இன்று சட்டைப் பொத்தானை யாரும் போட்டுவிடக் கூடாது என்று ஒரே சண்டை.

கோபித்துக்கொள்ளாதே. நீ செய்யாதே என்று எழுதியதைத்தான் செய்தேன். தினமும் காலையில் அடுக்களையில் வைத்து இருபது சுற்று. பல்சக்கரம் போனால் போகட்டும்.

இதைப் பற்றி இனிமேல் எழுதவேண்டாம். உன்னைத்தான் கெஞ்சிக் கேட்கிறேன்.

அண்ணிக்கு என் அன்பு.

தங்கை


ஏப்ரல் 26 (தபால் கார்டு)

மதிப்பிற்குரிய மாப்பிள்ளைக்கு,

நலம்தானே? லீவெல்லாம் நன்றாகக் கழிகிறதா?

உங்கள் மனைவியிடம் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் உங்களுக்கே எழுதுகிறேன். தினமும் உங்களுக்குத் தெரியாமல் நீலமுகத்துக்கு இருபது சுற்று சாவி கொடுக்கிறாள். நீங்கள் ஓடுகிறதென்று சந்தோஷப்படுகிறீர்களாம். உங்கள் கையால் ஓடவில்லை, அவள் கொடுக்கிற சாவியால் ஓடுகிறது. கையில் கட்டியும் ஓடாத ஆட்டோமேடிக்குக்கு உள்ளே கோளாறு என்று பொருள். அதை மூடி மறைத்தால் ஒரேயடியாகச் செத்துப்போகும். தயவுசெய்து அவளிடமிருந்து வாங்கி எனக்கு அனுப்பிவையுங்கள்.

மச்சான்


ஜூன் 10

அன்புள்ள தங்கச்சிக்கு,

நலமா என்று கேட்கவே பயமாக இருக்கிறது. இது மூன்றாவது கடிதம். முதல் இரண்டுக்கும் பதில் இல்லை. மாப்பிள்ளைக்குப் போட்ட கார்டுக்கும் பதில் இல்லை.

கோபம் என்றால் கோபம் என்று ஒரு வரி எழுதிப் போடு. கண்காட்சிக்கு நீலமுகம் வேண்டாம், விட்டுவிட்டேன். ஒரு வாட்சுக்காக இத்தனை மாதம் மூஞ்சியைத் திருப்பிக்கொள்ள வேண்டுமா? நான் என்ன செய்துவிட்டேன்? எனக்கு இருக்கிற எரிச்சலுக்கு நேற்று ஒரு லிஃப்டின் கதவைக் காலால் உதைத்தேன். உள்ளே ஆட்கள் இருந்தார்கள்.

அண்ணி நேரில் போய்ப் பார்க்கச் சொல்கிறாள். அழைக்காத வீட்டுக்கு எப்படி வருவது?

எழுது.

அண்ணன்


ஜூன் 21

அண்ணா,

நலம் இல்லை. ஜனவரியிலிருந்தே இல்லை.

ஜனவரி மூன்றாம் தேதி காலை டிப்போவில் வண்டியில் ஏறக் கைப்பிடியைப் பிடித்தவர் அப்படியே சரிந்துவிட்டார். இடது காலும் இடது கையும் விழுந்துவிட்டன. நீ உன் அளவையாளரைப் பற்றி எழுதிய கடிதத்தை ஆஸ்பத்திரி நடைபாதையில் உட்கார்ந்துதான் படித்தேன். அன்றே உனக்குச் சொல்லியிருப்பேன். அவர்தான் தடுத்தார். "கை போனது தெரிஞ்சா உங்க அண்ணன் என்னைப் பார்க்க வரமாட்டார், வாட்சுக்கு வருவார்"னு சிரித்துக்கொண்டே சொன்னார். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. நான் சத்தியம் செய்து கொடுத்தேன்.

கால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறியது. கை மட்டும் வரவில்லை. முதல் ஆறு மாதம்தான் முக்கியம், அவராக முயன்று முயன்று அசைக்கவேண்டும் என்று பயிற்சி கொடுக்கிற அம்மா சொன்னார். செப்டம்பரில் டிப்போ டாக்டர் பார்ப்பார். கை சரியானால்தான் அவருக்கு மறுபடியும் ஸ்டியரிங். இல்லையென்றால் முடிந்தது.

வாட்சை வலது கைக்கு மாற்றலாம் என்றேன். கேட்கவில்லை. இடது கையில்தான் இருக்கவேண்டும் என்றார். "கையே சாவின்னு உங்க அண்ணன் சொன்னார்ல. கை ஆடினா இது ஓடும். எனக்கு டாக்டர் சர்டிபிகேட் இதுதான்"னார். பதினொரு வருஷமாக நீ சொன்னதை வேதவாக்காக நம்பியிருக்கிறார். தினமும் அந்தக் கையை முறைத்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வாட்ச் நிற்கும். மறுநாள் அரை மனதாக முயல்வார். மார்ச்சில் முயல்வதையே விட்டுவிட்டார்.

அப்போதுதான் நீ திருகைப் பற்றி எழுதினாய். இருபது சுற்று. வாட்ச் ஓடியது. அவரும் ஓடினார் அண்ணா. காலையும் மாலையும் பயிற்சி. ஏப்ரல் பதினொன்றாம் தேதி மோதிர விரல் நிஜமாகவே அசைந்தது. நான் கண்ணால் பார்த்தேன், தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன்.

பிறகு உன் கார்டு வந்தது. நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். தபால்காரர் அவரிடமே கொடுத்திருக்கிறார். நான் திரும்பி வந்தபோது கார்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எத்தனை நாளா?"ன்னு கேட்டார்.

"இருபத்தேழு நாள்"னு சொன்னேன்.

"அப்போ விரல்?"

"விரல் நிஜம்ங்க."

"நீ என்ன சொன்னாலும் இனிமே சந்தேகமாத்தான் இருக்கும்"னார். வாட்சைக் கழற்றச் சொன்னார். அன்றிலிருந்து பயிற்சி இல்லை. ஏழு வாரம் ஆகிறது. அந்த அம்மா வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறார். செப்டம்பர் வரப்போகிறது. என்னிடம் பேசுகிறார், ஆனால் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

உன் மேல் இருக்கிற கோபம் எனக்கு எழுதி மாளாது. கையில் கட்டியிருக்கிறார், ஆனால் ஓடவில்லை என்று நான் உனக்கு எத்தனை விதமாக எழுதினேன்! நாலு மாதமும் நீ வாட்சைத்தான் விசாரித்தாய். அந்தக் கைக்கு என்ன ஆயிற்று என்று ஒரு தடவை கேட்டிருந்தால் என் சத்தியத்தை உடைத்துச் சொல்லியிருப்பேன்.

இத்துடன் பார்சலில் நீலமுகம். நீ சொன்னபடி பஞ்சில் சுற்றியிருக்கிறேன். எட்டாவது தடவை கேட்காமலே வந்துவிட்டது. சந்தோஷமாக வைத்துக்கொள்.

தங்கை


ஜூலை 3

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

எந்த முகத்தோடு நலம் விசாரிப்பது என்று தெரியவில்லை. ஆனாலும் கேட்கிறேன், உடம்பு எப்படி இருக்கிறது? கை எப்படி இருக்கிறது? ஜனவரியில் கேட்டிருக்க வேண்டியது.

உங்கள் வாட்ச் பத்திரமாக வந்து சேர்ந்தது. பார்சலைப் பிரித்து வைத்துக்கொண்டு நான் அழுததை அண்ணி எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திவிட்டாள். மறுநாள் லென்ஸ்காரரிடம் கொண்டுபோனேன். அரை மணி நேரம் பார்த்தார். எண்ணெய்கூட இன்னும் காயவில்லையாம். பல்சக்கரமும் புதுசு மாதிரி இருக்கிறதாம். "ஒரு கோளாறும் இல்லையே, யார் கையில இருந்துச்சு?"ன்னு கேட்டார். வாட்சை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். இருபத்திரண்டு வாட்சைத் திறந்து பார்த்தவன். வாட்சில் கோளாறு இல்லாமலும் வாட்ச் நிற்கும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

அவள் செய்தது ஏமாற்றுதான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் முதலில் ஏமாற்றியது நான். சாவியே கிடையாது என்று மேடையில் நாலு பேர் முன்னால் நான் அளந்ததை நம்பித்தான் நீங்கள் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். திட்டுவதென்றால் என்னைத் திட்டுங்கள். அவள் முகத்தைப் பார்த்துப் பேசுங்கள்.

பார்சலில் இரண்டு வாட்ச் இருக்கும். நீலமுகம் உங்களுடையது. நல்ல கையில் கட்டிக்கொண்டு மணி பாருங்கள். இன்னொன்று முட்டி. அதில் சாவி கிடையாது. இந்தத் தடவை பந்தா இல்லை. திருகை எந்தப் பக்கம் திருப்பினாலும் முள் மட்டும்தான் நகரும். நம்பவேண்டாம், உங்கள் ஊர் ரிப்பேர்காரரிடம் கொடுத்துத் திறந்து பாருங்கள். அவளாலும் ஏற்ற முடியாது, என்னாலும் முடியாது. அடுத்தவர் உங்கள் கையைப் பிடித்து அசைக்கும்போது கழற்றி வைத்துவிடுங்கள். நீங்களாக அசைக்கும்போது மட்டும் கட்டுங்கள். கை அசைந்தால் எடை போய் முட்டும். அது உங்களுக்கே தெரியும்.

பரிதாபப்பட்டு அனுப்புகிறேன் என்று நினைக்காதீர்கள். எனக்கு இரண்டு கைதான், நான்கு வாட்சுக்கு மேல் கட்ட இடமில்லை.

வரச் சொல்லி ஒரு வரி எழுதினால் அன்றே கிளம்பி வருவேன். கைக்காக வருவேன்.

மச்சான்


ஆகஸ்ட் 14

அண்ணா,

பார்சல் வந்து ஒரு மாதம் ஆகிறது. அலமாரியில் வைக்கச் சொன்னார். வைத்தேன். கடிதத்தை அவரே படித்தார், மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

எனக்கு உன் மேல் கோபம் இன்னும் தீரவில்லை. ஆனால் ஒன்று சொல்லவேண்டும். போன செவ்வாய்க்கிழமை நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது ரிப்பேர்காரர் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். முட்டியின் மூடியைத் திறந்து வைத்து உன் மாப்பிள்ளைக்கு ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். இவர் குறுக்குக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு மணி நேரம் இது நடந்தது. மறுநாள் காலை முட்டி அலமாரியில் இல்லை. வாரைப் பல்லால் கடித்து இழுத்து அவரே கட்டியிருக்கிறார். நான் கட்டிவிடுகிறேன் என்று போனபோது தள்ளி நிற்கச் சொன்னார்.

ஓடவில்லை. இதுவரை ஒரு நாளும் ஓடவில்லை. எனக்குக் கை துறுதுறுக்கிறது, ஆனால் செய்ய ஒன்றுமில்லை. நல்ல வாட்சை அனுப்பினாய் போ.

அண்ணிக்கு என் அன்பு.

தங்கை


செப்டம்பர் 23

மதிப்பிற்குரிய மச்சானுக்கு,

நான் நலமில்லை, ஆனால் முன்னைவிடத் தேவலை. நீங்களும் அண்ணியும் நலம்தானே?

உங்கள் வாட்சின் மேல் புகார் எழுதுகிறேன். இது மாதிரி ஒரு தண்ட வாட்சை நான் பார்த்ததில்லை. ஒரு மாதமாக முறைத்துப் பார்த்தேன், கெஞ்சினேன், கெட்ட வார்த்தையும் சொன்னேன். ஒரு நொடி ஓடவில்லை. இரண்டு தடவை கழற்றிச் சுவரில் அடிக்கலாமென்று நினைத்தேன். கழற்றவே பல்லால் ஐந்து நிமிஷம் ஆவதால் கோபம் ஆறிவிட்டது.

டிப்போ டாக்டர் போன வாரம் பார்த்தார். ஸ்டியரிங் இப்போது கிடையாது, மார்ச்சில் மறுபடி வரவேண்டும் என்றார். அதுவரை டைம் கீப்பர் நாற்காலி. பதினெட்டு வருஷம் வண்டி ஓட்டியவன் இப்போது பெட்டி மாதிரி ஒரு அறைக்குள் உட்கார்ந்துகொண்டு எந்த வண்டி எப்போது போயிற்று என்று எழுதுகிறேன். என் வண்டியை வேறொருவன் ஓட்டிக்கொண்டு போகிறான், மூன்றாவது கியரை இழுத்து இழுத்துப் போடுகிறான். பார்க்கச் சகிக்கவில்லை. வயிறு எரிகிறது. ஒரு கையில் ஓடுகிற வாட்ச், ஒரு கையில் ஓடாத வாட்ச் என்று டிரைவர்கள் கிண்டல் செய்கிறார்கள். மணிக்கூண்டு என்ற பெயர் உங்களுக்கு மட்டும் சொந்தமில்லை.

வலது கையில் நீலமுகம் நன்றாக ஓடுகிறது. அதற்கு வீட்டில் யாராவது காலையில் சாவி கொடுக்கிறார்களா என்று நான் கேட்பதில்லை. கொடுத்தால் கொடுக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அவளிடமும் சொல்லிவிட்டேன், முகத்தைப் பார்த்துத்தான் சொன்னேன்.

விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை பெட்டியில் தனியாக இருந்தேன். ரிஜிஸ்டரின் பக்கம் காற்றில் புரண்டது. வலது கையில் பேனா. யோசிக்காமல் இடது கையைத் தூக்கி அதன் மேல் வைத்தேன். உள்ளே டொக் என்று ஒரு முட்டு. சத்தியமாக எனக்குக் கைக்குள் கேட்டது. பக்கத்தைப் புரட்டினேன். கை முழங்கை உயரம்வரை எழுந்தது, விழுந்தது. மறுபடி தூக்கினேன். எத்தனை தடவை என்று எண்ணவில்லை, ஆறரை மணி வண்டி போனதை எழுதக்கூட மறந்துவிட்டேன். காதில் வைத்தேன். ஓடிக்கொண்டிருந்தது.

நீலமுகத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பதினேழு நிமிஷம் ஓடி நின்றது. நேற்று முப்பத்தொன்று. இன்று பத்தொன்பதுதான், கை வலிக்கிறது. ஒரு நாளில் ஒரு மணி நேரம்கூட ஓடாத வாட்சை வைத்துக்கொண்டு இருபத்திரண்டில் இதுதான் உசத்தி என்று எப்படிப் பொத்தி வைத்திருந்தீர்களோ!

இதைத் திருப்பிக் கேட்காதீர்கள். கேட்டால் வழக்கம்போல் சிரிப்பேன். நேரில் வந்து எட்டாவது தடவை கேட்டுப் பாருங்கள். அண்ணியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

உங்கள் மாப்பிள்ளை

பி.கு.: அண்ணா, கடிதத்தை மடிக்க என்னிடம் கொடுத்தார், அதனால் இதை எழுதுகிறேன். பதினேழு, முப்பத்தொன்று, பத்தொன்பது. நான் தொடவே இல்லை.